திருமலையின் 026: இந்த 26இல் அப்படி என்ன இருக்கிறது?

வந்த கேள்வி இது: "எங்கட திருகோணமலையின்ர தொலைபேசிக் குறியீடு 026. ராமானுஜனின் 1729 மாதிரி 26க்கும் கணிதத்தில ஏதாவது விசேஷம் இருக்கா, இல்லாட்டி அது சும்மா 2 × 13 தானா?" கேட்ட தம்பி உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறாராம். அதனால் நிறுவலையும் சேர்த்தே சொல்கிறேன்.

இருக்கிறது, தம்பி. நம் மாவட்டத்துக்கு மேற்கே அநுராதபுரம், அதன் குறியீடு 025. தென்மேற்கே பொலன்னறுவை, அதற்கு 027. 25 என்பது 5இன் வர்க்கம், 27 என்பது 3இன் கனம், நடுவில் நாங்கள். ஒரு பக்கம் வர்க்கமும் மறுபக்கம் கனமும் ஒட்டி நிற்க, இடையில் அகப்பட்ட நேர் முழுவெண் 26 ஒன்றே ஒன்றுதான். எத்தனை கோடி வரை எண்ணிப் போனாலும் இன்னொன்று வராது. குறியீடுகள் வரிசையில் விழுந்தது தற்செயல். ஆனால் 26 தனித்து நிற்பது தற்செயல் இல்லை, அதை நிறுவலாம்.

வர்க்கங்களும் கனங்களும் போகப்போக ஐதாகும், ஆனால் முடிவதில்லை. 4 வித்தியாசத்தில் 4உம் 8உம் நிற்கின்றன, பிறகு 121உம் 125உம். 2 வித்தியாசத்தில் மட்டும் ஏன் 25, 27 என்ற ஒரே சோடி? அப்படித்தான் என்று சொன்னவர் ஃபெர்மா. பிரான்சில் நீதிமன்ற உத்தியோகம் பார்த்துக்கொண்டே கணிதம் செய்தவர். 1657இல் இங்கிலாந்துக் கணிதர்களுக்கு இதைச் சவாலாகவே எழுதி அனுப்பினார். நிறுவலை, அவர் வழக்கப்படி, எழுதவில்லை. சுவிஸ் கணிதர் ஒயிலர்தான் 1770இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்த தன் அட்சரகணித நூலில் ஒரு வழி காட்டினார். அப்போது அவருக்குப் பார்வை அநேகமாக முற்றாகப் போயிருந்தது. அவர் சொல்லச்சொல்ல இன்னொருவர் எழுதிய நூல் அது.

அந்த வழியைப் பார்ப்போம். உயர்தரச் சிக்கலெண் பாடம் தெரிந்தால் போதும். வர்க்கமாக்கப்படும் எண் வ, கனமாக்கப்படும் எண் க.

வ² + 2 = க³

வ இரட்டை என்று வையுங்கள். அப்போது க³ இரட்டை, ஆகவே க இரட்டை, ஆகவே க³ 8ஆல் வகுபடும். ஆனால் வ² 4ஆல் வகுபடுவதால் வ² + 2ஐ 4ஆல் வகுக்க மீதி 2 வரும். இரண்டும் ஒன்றாக நடக்காது. எனவே வ ஒற்றை எண்.

இனி இடப்பக்கத்தை உடைக்கலாம்:

(வ + √−2)(வ − √−2) = க³

இங்கிருந்து நாங்கள் சாதாரண முழுவெண்களை விட்டு, ப + ம√−2 என்ற வடிவத்தில் உள்ள எண்களுக்குப் போகிறோம். ப, ம இரண்டும் முழுவெண்கள். இப்படியான ஒவ்வோர் எண்ணுக்கும் ப² + 2ம² என்று ஓர் அளவு உண்டு. எண்களைப் பெருக்கினால் அளவுகளும் பெருகும். மேலே உள்ள இரண்டு அடைப்புகளுக்கும் ஒரு பொதுக் காரணி இருந்தால், அது அவற்றின் வித்தியாசமான 2√−2ஐயும் வகுக்க வேண்டும். 2√−2இன் அளவு 8. ஆனால் வ + √−2இன் அளவு வ² + 2, அது ஒற்றை எண். 8ஐயும் ஓர் ஒற்றை எண்ணையும் சேர்த்து வகுக்கக்கூடியது 1 மட்டும். ஆக, இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை. பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களின் பெருக்கம் ஒரு கனமாக இருந்தால், அவை ஒவ்வொன்றும் தனித்தனியே கனமாக இருக்க வேண்டும்:

வ + √−2 = (ப + ம√−2)³

விரியுங்கள். √−2 இல்லாத பகுதி ப³ − 6பம². √−2இன் குணகம் 3ப²ம − 2ம³. இடப்பக்கத்தில் அந்தக் குணகம் 1. எனவே

ம(3ப² − 2ம²) = 1

இரண்டு முழுவெண்களைப் பெருக்க 1 வருகிறது. ம என்பது 1 அல்லது −1. ம = −1 என்றால் 3ப² = 1, நடக்காது. ம = 1 என்றால் 3ப² = 3, ப = 1 அல்லது −1. அதைக் கொண்டுபோய்ப் போட்டால் வ = −5 அல்லது 5; க = ப² + 2ம² = 3. முடிந்தது. 25க்கும் 27க்கும் நடுவில் 26. வேறு தீர்வு இல்லை.

வரிசையை மாற்றி, முதலில் கனம், நடுவில் ஓர் எண், பிறகு வர்க்கம் என்று கேட்டால் என்ன ஆகும்? அதாவது க³ + 2 = வ². இதற்குக் கிடைப்பது −1, 0, 1 மட்டும்: −1 ஒரு கனம், 1 ஒரு வர்க்கம், நடுவில் பூச்சியம். இதன் நிறுவல் முந்தியதைவிடக் கடினம், ஏனென்றால் √2 சேர்ந்த உலகத்தில் 1ஐ வகுக்கும் எண்களே முடிவில்லாமல் இருக்கின்றன. அதை விடுவோம்.

இப்போது மேலே உள்ள நிறுவலை இன்னொரு தரம் வாசியுங்கள். "அவை ஒவ்வொன்றும் தனித்தனியே கனமாக இருக்க வேண்டும்" என்று சொன்ன இடத்தில் ஒரு படி ஒளிந்திருக்கிறது. சாதாரண முழுவெண்களில் அது சரி, ஏனென்றால் எந்த எண்ணையும் முதன்மை எண்களாக ஒரே ஒரு விதமாகத்தான் உடைக்க முடியும். ப + ம√−2 வகை எண்களிலும் அது உண்மையா? உண்மைதான், ஆனால் அதைத் தனியாக நிறுவ வேண்டும். ஒயிலர் அதைச் செய்யாமலே கடந்து போனார். இங்கே அதிர்ஷ்டம் கைகொடுத்தது. எல்லா இடத்திலும் கொடுக்காது. எங்கே கொடுக்காது என்பதற்கு நல்ல உதாரணம் வேறெங்கும் தேட வேண்டாம், 26ஏ தருகிறது. கேள்விக்கு என் விடையின் நடுப்பகுதி இதுதான்; 26இல் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

2 இருந்த இடத்தில் 26ஐப் போடுங்கள்:

வ² + 26 = க³

வ = 1, க = 3 ஒரு தீர்வு என்று பார்த்தவுடனே தெரிகிறது: 1 + 26 = 27. இப்போது ஒயிலர் வழியில் கண்ணை மூடிக்கொண்டு போவோம். வ + √−26 = (ப + ம√−26)³ என்று எடுத்து விரித்தால் ம(3ப² − 26ம²) = 1 என்று வரும். ம = −1 என்றால் 3ப² = 25, இல்லை. ம = 1 என்றால் 3ப² = 27, ப = 3 அல்லது −3. அதிலிருந்து வ = ப³ − 78ப, அதாவது அடையாளத்தை விட்டால் 207; க = 9 + 26 = 35. சரிபாருங்கள்: 207² = 42849, 26ஐக் கூட்டினால் 42875, அது 35³. அபாரமான தீர்வு, கையால் தேடினால் இலகுவில் அகப்படாது. ஆனால் கண்ணுக்கு முன்னால் இருந்த 1 + 26 = 27 எங்கே போனது? இந்த வழியில் அது வரவே இல்லை.

காரணம், ப + ம√−26 உலகத்தில் காரணிகள் ஒரே விதமாக உடைவதில்லை. 27ஐ 3 × 3 × 3 என்றும் எழுதலாம், (1 + √−26)(1 − √−26) என்றும் எழுதலாம். இங்கே அளவு ப² + 26ம². அது எந்தக் காலமும் 3 ஆகாது. அதனால் 3ஐயும் மேலே உடைக்க முடியாது, அளவு 27 கொண்ட 1 + √−26ஐயும் மேலே உடைக்க முடியாது. ஒரே எண் ஒரு தரம் மூன்று துண்டாக உடைகிறது, மறுதரம் இரண்டு துண்டாக உடைகிறது. துண்டுகளின் எண்ணிக்கையே ஒத்துவரவில்லை! இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிப்பது என்று 1840களில் கும்மர் கண்டுபிடித்ததிலிருந்துதான் இன்றைய அட்சரகணித எண் கோட்பாட்டின் பெரும்பகுதி வளர்ந்தது. ஆக, ஒயிலரின் வழியால் 26க்குப் பெயர் கிடைத்தது. அதே வழி எங்கே பிசகும் என்று காட்டிக்கொடுப்பதும் 26தான்.

ஒற்றைத் தீர்வு என்பது முழுவெண்களுக்கு மட்டும். விகிதமுறு எண்களை அனுமதித்தால் வ² + 2 = க³க்கு முடிவில்லாத தீர்வுகள் உண்டு. உங்களுக்கு வகையீடு தெரியும் என்பதால் அடுத்ததைக் கண்டுபிடித்தே காட்டுகிறேன். வ² = க³ − 2 என்ற வளையியில் (3, 5) என்ற புள்ளியில் தொடலி வரையுங்கள். படித்திறன் 3க²/2வ = 27/10. அந்தக் கோடு வளையியை மூன்று இடத்தில் வெட்ட வேண்டும். தொடும் புள்ளி இரண்டு தரம் கணக்கில் வரும். மூன்று க பெறுமானங்களின் கூட்டுத்தொகை படித்திறனின் வர்க்கம், 7.29. அதில் 3 + 3 போக மிச்சம் 1.29. கோட்டில் அதற்கான வ = 5 − 2.7 × 1.71 = 0.383. கல்குலேற்றரை எடுத்துப் பாருங்கள்: 1.29³ = 2.146689, 0.383² = 0.146689. வித்தியாசம் அச்சொட்டாக 2. பண்டைய கிரேக்கக் கணிதர் தயஃபந்தசின் நூலை 1621இல் இலத்தீனில் பதிப்பித்த பாஷே இப்படிப் புதிய தீர்வு எடுக்கும் வழியை அறிந்திருந்தார். ஃபெர்மா வைத்திருந்த பிரதியும் அந்தப் பதிப்புத்தான். இன்று பிட்காயினில் கையொப்பம் இடப் பயன்படும் வளையி வ² = க³ + 7. அங்கே எண்கள் ஒரு பிரமாண்ட முதன்மை எண்ணால் வகுத்த மீதிகள். மற்றப்படி இதே தொடலி வேலைதான்.

இனி லேசான விஷயங்கள். 26² = 676, முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி வாசிக்கலாம். தான் அப்படி இல்லாமல், தன் வர்க்கம் அப்படி இருக்கிற மிகச் சிறிய எண் 26. இதை நான் பெரிதாக மதிப்பதில்லை. பத்துவிரலால் எண்ணிப் பழகியதால் வந்த அலங்காரம் இது. அடியை மாற்றினால் போய்விடும்.

26³ = 17576. இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1 + 7 + 5 + 7 + 6 = 26. இதுவும் அதே சாதி அலங்காரம்தான், ஆனால் இதற்கு ஒரு சின்ன நிறுவல் இருப்பதால் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். தன் கனத்தின் இலக்கங்களைக் கூட்டினால் தானே வருகிற எண்கள் 1, 8, 17, 18, 26, 27 என்று ஆறு மட்டும் (பூச்சியத்தைச் சேர்க்கவில்லை). இங்கிலாந்துப் புதிர்க்காரர் டியூடெனியின் பெயரால் அழைப்பார்கள். எண் மூன்று இலக்கம் என்றால் கனத்துக்கு ஒன்பது இலக்கத்துக்கு மேல் வராது, கூட்டுத்தொகை 81ஐத் தாண்டாது, ஆனால் எண்ணோ குறைந்தது 100. அதற்கு மேலே இன்னும் மோசம். எனவே இரண்டு இலக்கத்துக்குள் தேடினால் போதும். ஆறு இலக்கக் கனத்தின் கூட்டுத்தொகை 54ஐத் தாண்டாது, 54³ வரை உள்ள ஆறு இலக்கக் கனங்கள் எல்லாம் 1இல் தொடங்குவதால் எல்லை 46ஆகக் குறைகிறது. இன்னும் ஒன்று: ஓர் எண்ணும் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 9ஆல் வகுக்க ஒரே மீதி தரும். ஆகவே எண்ணும் அதன் கனமும் ஒரே மீதி தர வேண்டும். அப்படி நடக்க, எண்ணோ அதற்கு முந்தியதோ பிந்தியதோ 9இன் மடங்காக வேண்டும். 26க்குப் பிந்தியது 27, பொருந்துகிறது. 46 வரை இப்படிப் பதினாறு எண்கள்தான். கையால் சோதித்து முடித்துவிடலாம். மேலே நாம் சந்தித்த 35உம் சோதிக்க வேண்டிய இந்தப் பதினாறில் ஒன்று. 42875இன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 26 வரும்!

திருமலைக்காரருக்கு ஒரு சில்லறைத் தகவல்: 26ஐப் பத்துக்குப் பதில் 3ஐ அடியாகக் கொண்டு எழுதினால் 222. நம் நகரத்து வீட்டுத் தொலைபேசிகள் பல 026 222 என்றுதானே தொடங்குகின்றன. 27இலிருந்து ஒன்று குறைந்த எண் என்பதால் வந்தது அது. ரூபிக் கனத்தில் வெளியே தெரிகிற சிறு கனங்களும் அதே காரணத்தால் 26: மூலையில் 8, விளிம்பில் 12, முக நடுவில் 6.

ஒரு விஷயத்தில் 26 மட்டக்களப்பிடம் தோற்கிறது. 26ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டாக ஒரே விதமாகத்தான் எழுதலாம், 1 + 25. மட்டக்களப்பின் 065ஐ எடுங்கள்: 65 = 1 + 64, 65 = 16 + 49. இரண்டும் 13இன் மடங்குதான், 2 × 13, 5 × 13. ஆனால் 4ஆல் வகுக்க மீதி 1 தருகிற முதன்மைக் காரணிகள் ஒன்றுக்கு மேல் சேரும்போதுதான் இந்தத் தெரிவுகள் பெருகும். 13 அந்த வகை, 5 அந்த வகை, 2 அந்த வகை இல்லை. மட்டக்களப்பு நண்பர்களிடம் இதை நீங்களாகச் சொல்லிவிட வேண்டாம்.

உயர்ந்த கணிதத்தில் 26 தலைகாட்டும் இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். சமச்சீர்களைப் படிக்கிற கூட்டக் கோட்பாட்டில், மேலும் உடைக்க முடியாத முடிவுள்ள கூட்டங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 18 முடிவிலாக் குடும்பங்கள், அவற்றோடு எந்தக் குடும்பத்திலும் சேராத 26 தனிக்கட்டைகள். முதல் ஐந்தை 19ஆம் நூற்றாண்டில் மாத்தியூ கண்டார். ஆறாவது 1965இல்தான் வந்தது. மிகப் பெரியதற்கு இராட்சதன் என்றே பெயர், அதன் உறுப்புகளின் எண்ணிக்கை 54 இலக்கம் கொண்டது. ஏன் 26 என்று கேட்டால், ஆயிரக்கணக்கான பக்க நிறுவல் இருக்கிறது. ஒரு வரியில் சொல்லக்கூடிய காரணம் இல்லை.

மற்றது இழைக் கோட்பாடு, அதாவது பொருளின் அடிப்படை அதிரும் நுண்ணிழைகள் என்று சொல்லும் பௌதிகக் கோட்பாடு. அதன் மிகப் பழைய வடிவம் 26 பரிமாணத்தில்தான் முரணில்லாமல் நிற்கும். இழை இரண்டு பரிமாணங்களை எடுத்துக்கொள்ள, மிச்சம் 24 திசையில் அதிர்கிறது. அந்தக் கணக்கில் 1 + 2 + 3 + … என்ற தொடர் வருகிறது, அதற்கு −1/12 என்ற பெறுமானத்தைக் கொடுக்கிறார்கள். 1913இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய அதே −1/12. அது சாதாரணக் கூட்டல் விடை இல்லை, வேறொரு வரைவிலக்கணப்படி வருவது. யாரும் கேட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 24ஐப் பாதியாக்கி −1/12ஆல் பெருக்கினால் −1 வருகிறது, கோட்பாட்டுக்குத் தேவையானதும் அந்த −1தான்.

அந்த 24க்கும் 26க்கும் இன்னொரு தொடர்பு உண்டு, அது கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரட்றிக் கோட்டைக்குள் பீரங்கிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும். பீரங்கிக் குண்டுகளைச் சதுரக் கூம்பகமாக அடுக்குகிறீர்கள்: உச்சியில் 1, அடுத்த தட்டில் 4, அடுத்தது 9. எத்தனை தட்டு அடுக்கினால், மொத்தக் குண்டுகளையும் கலைத்து நிலத்தில் ஒரே சதுரமாகப் பரப்ப முடியும்? ஒரு தட்டு என்பது விளையாட்டு விடை. அதை விட்டால் 24 தட்டு மட்டும்: 1² + 2² + … + 24² = 4900 = 70². லூக்கா 1875இல் கேட்டார், வாற்சன் 1918இல் நிறுவினார். இப்போது 0, 1, 2, …, 24, பிறகு 70 என்று எழுதுங்கள். மொத்தம் 26 எண்கள். 70இன் வர்க்கத்தை மட்டும் மறையாக எடுத்து, எல்லாவற்றின் வர்க்கங்களையும் கூட்டினால் பூச்சியம். 26 பரிமாண வெளியில் நீளம் பூச்சியமான இந்தக் காவியிலிருந்து, 24 பரிமாணத்தில் கோளங்களை மிக நெருக்கமாக அடுக்கும் ஒழுங்கைப் பெற்றுவிடலாம் என்று கொன்வே காட்டினார். அதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று வியசோவ்ஸ்காவும் நான்கு கணிதர்களும் சேர்ந்து நிறுவி 2017இல் வெளியிட்டார்கள்.

நீங்களே ஒன்றைச் செய்து பார்க்க விரும்பினால், வ² + 4 = க³ஐ எடுங்கள். ஃபெர்மாவின் அதே சவாலில் இதுவும் இருந்தது. நேர் விடைகள் வ = 2, வ = 11. −4இன் வர்க்கமூலம் 2√−1 என்பதால் வேலை சிக்கலெண் பாடத்தின் எண்களிலேயே முடிந்துவிடும், அங்கே காரணிப்படுத்தல் ஒரே விதமாகத்தான் நடக்கும். வ ஒற்றை என்றால் மேலே செய்ததுபோலவே போய் 11 வரும். வ இரட்டை என்றால் இரண்டு அடைப்புகளுக்கும் பொதுக் காரணி வந்துவிடும். வ, க இரண்டிலிருந்தும் 2ஐ வெளியே எடுத்துவிட்டு, மிஞ்சுவதில் 1 + √−1 எத்தனை தரம் போகிறது என்று பாருங்கள்.